ஈரத்தை ஜெயித்தவர் வீட்டுக் காளான்

மனிதன் கட்டிய எதையும் கடைசியில் விழுங்குவது போரும் அல்ல, பூகம்பமும் அல்ல, ஈரம்தான். பேரரசுகள் எல்லாம் ஒழுகித்தான் அழிந்தன. அந்த ஈரத்தை நேருக்கு நேர் நின்று ஜெயித்த ஒரே மனிதர் எங்கள் அப்பா. இதில் துளியும் மிகை கிடையாது. அப்பாவே சொன்னது.

அப்பாவின் தொழில், ஈரம் இறங்கிய சுவர்களுக்கு வைத்தியம் பார்ப்பது. பூஞ்சை பிடித்த மூலை, உப்புப் பூத்த சுவர், பெயின்ட் கொப்பளித்த கூரை என்று யார் வீட்டில் எது வந்தாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். போன இடத்தில் வீட்டுக்காரர்களை அவர் நலம் விசாரிப்பதில்லை, சுவரைத்தான் விசாரிப்பார். விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். மூக்கை வைத்து மோந்து பார்ப்பார். பிறகு இடுப்பு பெல்ட்டிலிருந்து மீட்டரை எடுத்து, அதன் இரண்டு ஊசிமுனைகளையும் சுவரில் பதிப்பார். சுவர் காய்ந்திருந்தால் மீட்டர் வாயைத் திறக்காது. ஈரமிருந்தால் கீ கீ என்று கத்தும். அது கத்தியதும் அப்பாவின் முகத்தில் ஒரு களை வரும். பெல்ட்டின் மறுபக்கம் பூஞ்சைக்கொல்லி புட்டி தொங்கும். கை தானாக அதற்குப் போகும். எங்கே வெள்ளையாக, பஞ்சு பஞ்சாக எதைக் கண்டாலும் முதலில் அடிப்பது, அப்புறம் யோசிப்பது. அதுதான் தொழில் தர்மம்.

மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் ஃபிளாட்தான் அப்பாவின் விளம்பரப் பலகை. சுவர் ஒவ்வொன்றிலும் அவர் கையாலேயே பூசிய பூச்சு. கூடத்தில் ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று இரவும் பகலும் உறுமிக்கொண்டே இருக்கும். அதற்கு நாங்கள் வைத்த செல்லப் பெயர் உறிஞ்சி. காற்றிலிருக்கும் தண்ணீரைக் குடித்துத் தன் வயிற்றுத் தொட்டியில் சேர்த்துவைக்கும். தொட்டியைக் காலி செய்வது, கல்லூரியில் புள்ளியியல் படிக்கும் என் பொறுப்பு. எங்கள் வீட்டில் உப்பு கட்டி தட்டியதே இல்லை. யாராவது வந்தால் உட்காரச் சொல்வதற்கு முன்பே அப்பா உப்பு ஜாடியைக் கவிழ்த்துக் காட்டுவார்; மணல் மாதிரி கொட்டும். ரொட்டிதான் பாவம், காலையில் வாங்கினால் மதியத்துக்குள் ஓடு. குளியலறையில் அப்பா மாட்டிய விசிறி, ஆவி எழும்புவதற்கு முன்பே அதன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். குளித்துவிட்டுத் துண்டைத் தேடுவதற்குள் நாமே காய்ந்துவிடுவோம்.

"இந்த வீட்டுல ஒரே ஒரு பூஞ்சை பிழைச்சுக் காட்டட்டும். நான் தொழிலையே விட்டுடறேன்" என்று அப்பா அடிக்கடி சவால் விடுவார். பூஞ்சைகளின் தரப்பிலிருந்து யாரும் முன்வரவில்லை.

அக்கா முன்வந்தாள்.

அக்கா வேதியியல் படித்துவிட்டு ஒரு காபிக் கடையில் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறாள். அங்கே ராட்சச மெஷின் ஒன்று உண்டு. ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு கரண்டித் தூளை அமுக்கி, சாறு பிழிந்ததும், மிச்சமிருக்கும் சக்கையை டக்கென்று தட்டி ஒரு பெட்டிக்குள் போடவேண்டும். காலையிலிருந்து மாலைவரை டக், டக். அக்காவுக்குக் கவுன்டர் பிடிக்காது. கடைக்குப் பின்னாலிருக்கும் சின்னச் சமையலறைதான் அவளுடைய ஆசை. அங்கே அடுப்பு முன்னால் நின்று, தன் கையால் ஒன்றைச் சமைத்து, அதை மெனு அட்டையில் பார்க்கவேண்டும். வேறு எதையும் அவள் இவ்வளவு ஆசையாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. பிறந்தநாள் பரிசையே "எதையாவது வாங்கிக் கொடுங்க" என்று சொல்லும் ஆள்.

சமையலறையில் ஒரு இடம் காலியானது. அக்கா போய்க் கேட்டாள். கூடவே பால் நுரையில் இலை வரைபவனும் கேட்டான். கடையின் முதலாளியம்மா இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாராம்.

"நான் வாங்கிப் போட்டா யார் வேணாலும் சமைப்பாங்க. இந்தக் கடையில தினம் நாம தூக்கிப் போடறதுல இருந்து எனக்கு ஒரு அயிட்டம் பண்ணிக் காட்டுங்க. அடுத்த மாசக் கடைசியில புது மெனு அச்சுக்குப் போகுது. யாரோடது நல்லா இருக்கோ, அடுப்பு அவங்களுக்கு."

நுரை ஓவியன் அன்றைக்கே ஆரஞ்சுத் தோல்களைச் சேகரித்து ஜாம் கிண்ட ஆரம்பித்துவிட்டான். அக்கா அந்தச் சக்கைப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாப்பாட்டு மேஜையில்தான் அறிவித்தாள்.

"காபிச் சக்கையில சிப்பிக் காளான் வளர்க்கப் போறேன். வீட்லதான்."

அப்பாவின் கை பாதி வழியில் நின்றது. "எதை வளர்க்கப் போறே?"

"காளான்ப்பா."

"காளான் யாரு தெரியுமா? பூஞ்சையோட பெரியப்பா! ஊர்ல இருக்கற அத்தனை வீட்லயும் அந்தக் குடும்பத்தை நான் விரட்டி விரட்டி அடிக்கறேன். நீ என்னடான்னா கூப்பிட்டு விருந்து வைக்கறேங்கறே."

"இது நல்ல பூஞ்சைப்பா."

"நல்ல திருடன்னு சொல்ற மாதிரி இருக்கு."

அக்கா பொறுமையாக விளக்கினாள். சக்கை ஏற்கெனவே கொதிக்கிற தண்ணீரில் வெந்தது. அதனால் கிருமிகள் செத்துப்போயிருக்கும். அன்றன்றைய சக்கையில் காளான் விதையைக் கலந்து, பையில் அமுக்கிக் கட்டி, இருட்டில் வைக்கவேண்டும். அதற்குப் படுக்கை என்று பெயர். அப்புறம் பையைக் கீறிவிட்டு, ஈரமான இடத்தில் வைத்து, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை தண்ணீர் தெளித்தால் காளான் வரும்.

"ஆக, ஊர்க்காரன் குடிச்சுட்டுப் போட்ட எச்சில் தூளை வீட்டுக்குக் கொண்டு வரணும். அதுக்குப் படுக்கை போடணும். மூணு வேளை முகம் கழுவி விடணும்." அப்பா என் பக்கம் திரும்பினார். "டேய், உனக்கு இந்த வீட்ல யாராவது இவ்வளவு பண்ணியிருக்காங்களா?"

"இல்லப்பா."

"கேட்டுக்கோ."

அம்மா ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர். அம்மாவோடு பேசுகிறவர்கள் எல்லோரும் வாயைத் திறந்துவைத்திருப்பார்கள், ஆனால் பதில் சொல்லமுடியாது. அதே வழக்கத்தை அம்மா வீட்டிலும் கடைப்பிடிப்பார். "சமையலறை மேல் தட்டுல வெச்சுக்கடி. என்னங்க, நீங்க சாப்பிடுங்க. முடிஞ்சது" என்றார். முடிந்தது.

கடையிலிருந்து சக்கையைக் கொண்டுவரும் வேலை என் தலையில் விழுந்தது. கல்லூரி விட்டு வரும் வழியில் கடைக்குப் போய், மூடி போட்ட வாளியில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறவேண்டும். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்கு அடிதடி. எல்லோரும் கண்ணை மூடி மூச்சை இழுப்பார்கள். ஒரு பெரியவர், "தம்பி, நல்ல காபிப்பொடி போல இருக்கே, எந்தக் கடை?" என்றார். மூடியைத் திறந்து காட்டினேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். அவர் இறங்கவேண்டிய இடம் அதுவாகவும் இருக்கலாம்.

முதல் பையில் அக்கா காற்றோட்டத்துக்கென்று பெரிய பெரிய ஓட்டையாகப் போட்டுவிட்டாள். உறிஞ்சிக்கு அது போதாதா? சில நாளில் பை செங்கல்லானது. விதை உள்ளேயே கருவாடாகக் கிடந்தது. அப்பா அதைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்தார். "சொட்டு ஈரம் இல்லை பாரு! இதான் என் வீடு" என்று பூரித்தார். அந்தப் பை இப்போது என் அறைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது, நல்ல உழைப்பு.

அடுத்த முறை அக்கா உஷாரானாள். குட்டிக் குட்டி ஓட்டை, அதில் பஞ்சு, வாயில் இறுக்கமான கட்டு. சில வாரங்களில் பழுப்புச் சக்கைக்குள் வெள்ளை நூல் ஓட ஆரம்பித்தது. முதலில் சிலந்தி வலை மாதிரி, பிறகு பனி படிந்த மாதிரி, கடைசியில் பை முழுக்கத் தும்பைப்பூ வெள்ளை. அக்கா ஒரு நாற்காலியில் ஏறி நின்று, மேல் தட்டில் தலையை நுழைத்து, அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். வேலைக்கு நேரமாகிறது என்று காலைப் பிடித்து இழுக்கவேண்டியிருக்கும்.

ஒருநாள் அப்பா வேலை முடிந்து சந்தோஷமாக வந்தார். அன்று யாரோ ஒருவருடைய கிடங்கு முழுவதும் கீ கீ என்று கத்தியிருக்கிறது. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, ஆளைக் காப்பாற்றியவர் முகத்தோடு அக்கா முன்னால் நின்றார்.

"நல்ல வேளை, நான் பார்த்தேன்."

"என்னப்பா?"

"உன் காளானுக்குப் பூஞ்சை பிடிச்சிருந்தது. பை பூராவும் வெள்ளையா அப்பிக் கிடக்கு. நீங்க யாரும் கவனிக்கவே இல்லை. கட்டைப் பிரிச்சு, உள்ள நல்லா இறங்கற மாதிரி மருந்து அடிச்சுட்டேன். இனிமே கவலை இல்லை. உன் காளான் நிம்மதியா வளரும்."

உறிஞ்சி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"அப்பா," என்றாள் அக்கா, "அந்த வெள்ளைதான்ப்பா காளான்."

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் வீட்டில் ஈ கிடையாது, இருந்திருந்தாலும் ஆடியிருக்காது. பெல்ட்டில் இருந்த புட்டியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பழுப்பா இருந்தா காளான்னு நினைச்சேன்" என்றார். "வெள்ளையா இருந்தா அடிப்பேன். அதான் எனக்குத் தெரியும்."

அக்கா கத்தியிருந்தால் தேவலாம். அழுதிருந்தால் இன்னும் தேவலாம். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு, பையைக் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து படுத்தாள். அதற்கப்புறம் அப்பாவிடம் தானாகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். அப்பாவுக்கு மன்னிப்புக் கேட்கிற கலை கைவரவில்லை. மறுநாள் அவள் அறை வாசலில் நின்று, "உன் ரூம் சுவருக்கு இன்னொரு கோட் அடிக்கட்டுமாம்மா?" என்று கேட்டார். "வேண்டாம்" என்றாள். "சும்மா, மேலாப்புல?" "வேண்டாம்ப்பா."

மாதம் முடிய அதிக நாள் இல்லை. நுரை ஓவியன் ஜாமை ருசி பார்க்கக் கொடுத்துக்கொண்டிருக்கிறான் என்று கேள்வி. இனி புதிதாகப் பை போட்டு அது வெள்ளையாகும்போது மெனு அச்சாகி, மேஜைக்கு வந்து, கசங்கியும் போயிருக்கும். எல்லாம் போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது அக்கா என் அறைக்கு வந்து, குப்புறப் படுத்து, என் கட்டிலுக்கடியில் கையை விட்டு, ஒரு வெள்ளைப் பையை இழுத்தாள்.

"இது எப்ப இங்க வந்துச்சு?"

"அதே நாள்ல ரெண்டு பை போட்டேன். ஒண்ணு போனா ஒண்ணு இருக்கட்டும்னு."

"என் கட்டிலுக்கடியிலயா? நான் தினம் இதும்மேலயா தூங்கினேன்?"

"உன் கட்டிலுக்கடியில யாருடா குனிஞ்சு பார்க்கப் போறாங்க? நீயே பார்த்ததில்லை."

பை தயார். இனி கீறிவிட்டு வெளியே எடுக்கவேண்டும். ஆனால் வெளியே வந்ததும் அதற்கு வேண்டியது ஈரக்காற்று. எங்கள் வீட்டில் தங்கம்கூடத் தேடினால் கிடைக்கலாம், ஈரக்காற்றுக்கு எங்கே போவது? உறிஞ்சியை அணைத்தால் சத்தம் நின்ற அதே நொடியில் அப்பா கூடத்தில் நிற்பார். கடையில் வைக்கலாமென்றால் சுகாதாரம் அது இதென்று முதலாளியம்மா மறுத்துவிட்டார்.

அன்று அப்பாவுக்கு விடுமுறை. முடி வெட்டப் போயிருந்தார். மீட்டர் ஆணியில் தொங்கியது. அக்கா அதையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"டேய், இந்த வீட்லயே ரொம்ப ஈரமான இடம் எதுன்னு கண்டுபிடிக்க ஒரு மெஷின் இருக்குல்ல?"

இருவரும் கிளம்பினோம். கூடம், மௌனம். சமையலறை, மௌனம். குளியலறைச் சுவரில்கூட மீட்டர் வாயைத் திறக்கவில்லை. அப்பாமேல் எனக்கே மரியாதை வந்துவிட்டது. கடைசியாக அப்பா, அம்மா அறை. அங்கேயும் எல்லாச் சுவரும் மௌனம். பீரோவுக்குப் பக்கத்தில் போனபோது மட்டும் மீட்டர் லேசாகத் தொண்டையைச் செருமியது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் அக்கா கையை விட்டாள்.

கீஈஈஈ.

பயந்துபோய் இரண்டு பேரும் அதன் வாயைப் பொத்தினோம். பீரோவைத் தள்ளிப் பார்த்தால், சுவரில் ஒரு கண்டமே இருந்தது. பெயின்ட் கொப்பளித்து, உப்புப் பூத்து, ஓரமாகக் கறுப்புப் பூஞ்சை கொடி நாட்டியிருந்தது. மறுபக்கம் டைல்ஸ் போட்ட குளியலறை; சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய் எங்கோ மெதுவாகக் கசிந்துகொண்டிருக்கிறது. அப்பா எந்தக் குடும்பத்தை ஊரெல்லாம் விரட்டினாரோ, அது அவர் தலைமாட்டுக்கு அருகிலேயே வாடகை கொடுக்காமல் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

நான் சிரிக்க வாயெடுத்தேன். அக்கா சிரிக்கவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கண் பளிச்சென்றது.

"இடம் கிடைச்சிருச்சுடா."

பீரோவை ஒரு முழம் முன்னால் இழுத்துவிட்டு, பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு, பையைக் கீறி வைத்தோம். பை முழுக்க வெள்ளை பிடித்துவிட்டதால் சுவர்க் கறுப்பு அதற்குள் நுழைய முடியாது என்றாள் அக்கா. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் கொஞ்சமாக விழுந்தது. ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது பை.

அன்று சாயங்காலமே அம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "பீரோ நடந்திருக்கு."

உண்மையைச் சொன்னோம். சுவரைப் பற்றிச் சொன்னபோது அம்மா ஆச்சரியப்படவில்லை.

"எனக்கு எப்பவோ தெரியும். அதை மறைக்கத்தானே பீரோவையே அங்க போட்டேன்."

"அப்பாகிட்ட ஏம்மா சொல்லலை?"

"எப்படிடா சொல்றது? எங்க டாக்டருக்குக் கடைவாயில ஒரு சொத்தைப் பல்லு இருக்கு. அவர் சிரிக்கறப்ப எல்லாம் எனக்குத் தெரியும். சொல்லிட்டேனா?"

இருந்தாலும் அப்பாவின் மூக்கை ஏமாற்றுவது லேசா? இரண்டே நாளில் அவர் மோப்பம் பிடிக்க ஆரம்பித்தார். "ஈர வாசனை அடிக்குது" என்பார். சட்டையை மோந்து பார்ப்பார், செருப்பை மோந்து பார்ப்பார், தலையணை உறையைக் கழற்றி மோந்து பார்ப்பார். எங்கேயும் இல்லை. அவருக்குத் தன் மூக்கின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. "வயசாகுது போல. வீட்ல இல்லாத வாசனை எல்லாம் வருது" என்று அம்மாவிடம் சொன்னார். கேட்கப் பாவமாக இருந்தது. அம்மா, "காதுமூக்கு டாக்டரைப் பார்க்கலாங்க" என்று கூசாமல் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அது நடந்தது. நாங்கள் கூடத்தில் இருந்தோம். அறைக்குள்ளிருந்து கீஈஈஈ என்று கேட்டது. பிறகு பீரோ நகரும் சத்தம். மூவரும் ஓடினோம்.

அப்பா பையைப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். விரல் முட்டியால் தட்டினார். பொத் பொத் என்றது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஊருக்கெல்லாம் உத்தரவாதம் கொடுத்திருக்கேன்" என்றார், யாரிடமோ.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். "குழாய் கசிஞ்சா நீங்க என்னங்க பண்ணுவீங்க?"

"பூச்சு என்னோடதுதானே."

சட்டென்று எழுந்தார். சுத்தியல், உளி, சூடான காற்று ஊதும் மெஷின் எல்லாவற்றையும் கொண்டுவந்து கட்டிலில் கொட்டினார். "இன்னிக்கே உடைச்சு, காயவெச்சு, பூசி முடிச்சுடறேன். யார் கண்ணுலயாவது பட்டுச்சுன்னா என் மானம் கப்பலேறிடும்." அப்போதுதான் ஸ்டூல் கண்ணில் பட்டது. பையின் கீறலில், சாம்பல் நிறத்தில், குண்டூசித் தலை அளவுக்கு மொட்டுகள் கூட்டமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

அப்பாவின் கை இடுப்புக்குப் போனது.

அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"அப்பா. இந்த வாரம் மட்டும் பொறுங்க."

"நகரு."

"சுவரைக் காயவெச்சா இதுவும் காய்ஞ்சுரும். இது போச்சுன்னா நான் அந்தக் கவுன்டர்லயே நின்னுட்டு இருப்பேன். காலையில இருந்து டக் டக்னு சக்கையைத் தட்டிட்டு. ஒரு தடவை அடுப்புக்கு முன்னாடி நிக்கணும்ப்பா எனக்கு. நல்லா வரலைன்னா நானே போயிடறேன். ஆனா ஒரு தடவை நின்னு பார்க்கணும்." பல நாளைக்கப்புறம் அவளாகவே அப்பாவிடம் பேசிய முதல் பேச்சு அது. "ஏற்கெனவே ஒண்ணைக் கொன்னுட்டீங்க."

அப்பா கையை இறக்கினார். உளியையும் சுத்தியலையும் ஒவ்வொன்றாகக் கருவிப் பைக்குள் திரும்பப் போட்டார்.

"சனிக்கிழமை வரைக்கும்தான். அடுத்த நாள் சுவரை உடைப்பேன், அந்தக் குப்பையைக் கீழ போடுவேன். அதுவரைக்கும் அதோட ஒரே ரூம்ல நான் படுக்கமாட்டேன்." தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்து சோபாவுக்குக் குடிபெயர்ந்தார். உறிஞ்சிக்குப் பக்கத்தில், பழைய நண்பர்கள் இருவரும் உறுமிக்கொண்டு கிடந்தார்கள்.

மொட்டு விட்டபின் காளான் வளரும் வேகம் இருக்கிறதே, காலையில் கல்லூரிக்குப் போய்விட்டு வந்தால் அடையாளம் தெரியாது. அக்கா போகுமுன்பும் வந்தபின்பும் தண்ணீர் தெளித்தாள். மிச்சத்தைச் சுவர் பார்த்துக்கொண்டது. அப்பா அந்தப் பக்கமே திரும்பவில்லை. "என்ன, உங்க ராணியம்மா எழுந்தாச்சா?" என்று கூடத்திலிருந்தபடியே நக்கல் விடுவார்.

வாரத்தின் நடுவில் குடியிருப்பில் குழாய் மாற்றுகிறோம் என்று தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். குழாயில் தண்ணீர் இல்லையென்றால் கசிவும் இல்லை. சுவர் வேகமாகக் காய ஆரம்பித்தது. காலையில் பார்த்தபோது காளான்களின் விளிம்பு லேசாகச் சுருண்டிருந்தது. அக்காவுக்குக் கடையில் விடுப்பு கிடையாது. மதியம் யாராவது போய்த் தெளித்தே ஆகவேண்டும் என்று எனக்கும் அம்மாவுக்கும் செய்தி அனுப்பியிருக்கிறாள். எனக்குப் பரீட்சை, போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். செய்தியைப் பார்த்தபோது மாலையாகிவிட்டது. வீட்டுக்கு ஓடினேன். படி ஏறும்போது அக்காவும் பின்னாலேயே ஏறி வந்தாள். உள்ளே நுழைந்தால், என்னவோ குறைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, உறிஞ்சி உறுமவில்லை. யாரோ அணைத்திருந்தார்கள்.

பீரோவுக்குப் பின்னால் காளான்கள் கொழுகொழுவென்று விரிந்திருந்தன. ஒவ்வொன்றின் மேலும் பொடிப் பொடியாக நீர்த்துளி. சுவர்கூடப் பளபளத்தது.

அக்கா என் தலையைக் கலைத்தாள். "என் தங்கம்டா நீ."

நான் இல்லை, அம்மாவாக இருக்கும் என்றேன். அம்மா வந்ததும் கேட்டோம். "நானா? இன்னிக்கு ஒருத்தருக்கு நாலு பல்லு. நிமிரவே முடியலை. இவன்தான் வந்திருப்பான்னு நினைச்சேன்." மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கூடத்தில் அப்பா சோபாவில் படுத்து, முகத்தைச் செய்தித்தாளால் மூடியிருந்தார்.

"என்னப்பா, மெஷின் ஓடலை?" என்றேன்.

"கரண்டு பில்லு ஏறுது" என்றது செய்தித்தாள்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

சனிக்கிழமை காலையில் அக்கா ஒரு கூடை நிறையக் காளான் அறுத்தாள். சிப்பி சிப்பியாக, விளிம்பு அலை அலையாக. கடைக்குக் கொண்டுபோய் அங்கேயே சூப் வைத்தாள். கூட நான் போயிருந்தேன், வாளி தூக்கிய உரிமையில். முதலாளியம்மா முதலில் ஜாமைச் சாப்பிட்டார், "நல்லாருக்கு" என்றார். பிறகு சூப்பை ஒரு கரண்டி குடித்தார். இன்னொரு கரண்டி குடித்தார். கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டு போய் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். காலி கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான், "திங்கட்கிழமை ஏப்ரன் எடுத்துக்கோ" என்றார். நுரை ஓவியன் நல்ல பையன். அக்காவுக்கு ஒரு காபி போட்டு, நுரையில் காளான் வரைந்து கொடுத்தான். குடை மாதிரிதான் இருந்தது.

இரவு மிச்ச சூப் மேஜைக்கு வந்தது. அப்பா விசாரணைக்குப் போன அதிகாரி மாதிரி குடித்தார். "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். இன்னொரு கிண்ணம் கேட்டார்.

"பையைத் தண்ணியில ஊற வெச்சா இன்னொரு தடவை வரும்மா" என்றாள் அக்கா அம்மாவிடம். "சுவர்தான் நாளைக்குப் போயிடுமே. பரவாயில்லை, வேற ஏதாவது இடம் பார்த்துக்கறேன்."

"சொன்னா சொன்னதுதான்" என்றார் அப்பா. "காலையில உடைக்கறேன். அந்தக் குப்பையும் போகுது. தூசி பறக்கும், யாரும் உள்ள வரக்கூடாது."

மறுநாள் காலை, தண்ணீரும் திரும்பி வந்தாயிற்று. அப்பா சுத்தியல், உளி, வாளி சகிதமாக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தோம். ஒரு சத்தத்தையும் காணோம். மதியமாகிவிட்டது. சாப்பிடக் கூப்பிடச் சொல்லி அம்மா என்னை அனுப்பினார். கதவை விரலளவு திறந்தேன்.

சுத்தியலும் உளியும் துடைத்துவைத்தபடி கட்டிலில் கிடந்தன. அப்பா பீரோவுக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தார். வாளித் தண்ணீரில் அமுக்கிவைத்திருந்த பையை இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்கி, சாய்த்து, சொட்டுவது நிற்கும்வரை அப்படியே பிடித்திருந்தார். பிறகு ஸ்டூலில் உட்காரவைத்து, கீறல் வெளிச்சத்தைப் பார்க்கிறதா என்று ஒரு தடவை திருப்பினார். இடுப்பிலிருந்து ஒரு புத்தம் புதிய புட்டியை எடுத்தார். மருந்து வாசனை வரவில்லை, வெறும் தண்ணீர். பைக்குத் தெளித்தார். சுவருக்கும் தெளித்தார். மீட்டரைப் பதித்தார். அது வாயைத் திறக்கவில்லை. அப்பா முகம் சுளித்தார். கறுப்புக் கண்டத்தின் மேலிருந்து கீழாக, மூலை முடுக்கு விடாமல், பெயின்ட் அடிக்கிற அதே நேர்த்தியோடு இன்னும் ஒரு சுற்றுத் தெளித்துவிட்டு மறுபடி பதித்தார்.

மீட்டர் கீ என்றது. சத்தம் வெளியே போகாமல் அதைச் சட்டைக்குள் அமுக்கிக்கொண்டு, அப்பா அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்.